காற்றின் பாரம்

மழைக்கு முந்திய புழுக்கமான மாலைப்பொழுதில், மரத்தில் ஓர் இலையும் அசையாதிருக்க, உடலெங்கும் வியர்வை பெருக, மூச்சு விடுவதும் வருத்தமாகத் தோன்ற, “காற்றே பாரமாய்க் கிடக்கிறது” என்று மக்கள் சொல்வதுண்டு. அவ்வாறு சொல்வதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஈரம் ஊறிய துணி பாரமாகிறது. ஈரம் ஊறிய விறகு பாரமாகிறது. ஈரம் ஊறிய மண்ணும் பாரமாகிறது. ஆகவே, ஈரம் ஏறிய காற்றும் பாரமாகவே இருத்தல் வேண்டும் என்று கருதுவது இயல்பே. ஆயினும், துலாக்கோல் அளிக்கும் தீர்ப்பு இதற்கு நேர்மாறானது. ஒரே அமுக்கத்திலும் ஒரே வெப்பநிலையிலும் உள்ள உலர்ந்த காற்றையும் ஈரக் காற்றையும் சம அளவில் எடுத்து நிறுத்தால், ஈரக் காற்றே இலேசானதாகும். வெப்பம் ஏறினும் காற்று இலேசாகிறது. ஈரம் ஏறினும் காற்று இலேசாகிறது. இவ்விரண்டு உண்மைகளையும் ஐயந்திரிபற அறிந்து கொள்வதற்கு மனிதனுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற் சென்றன. அவ்வறிவு பிறந்த வரலாறு, புலன்கள் கூறிய தீர்ப்பைத் துலாக்கோல் திருத்திய வரலாறாகும்.

காற்றுக்குப் பாரம் உண்டு என்பதை நிறுவுவதே முதற்கண் எளிதாக இருக்கவில்லை. இத்தாலிய அறிஞராகிய கலிலியோ, ஒரு கண்ணாடிக் குடுவையினுள் மேலும் மேலும் காற்றைச் செலுத்தி அடைத்து, நுண்ணிய தராசில் நிறுத்துப் பார்த்தார். காற்று மிகுதியாக அடைக்கப்பட்டபொழுது குடுவை பாரங் கூடியிருக்கக் கண்டார். தண்ணீர் காற்றைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு பாரமானது என்று 1638ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் அவர் எழுதினார். உண்மையான அளவு ஏறத்தாழ 800 மடங்காகும். கணக்கிற் பாதியே கைகூடியதாயினும், கண்ணுக்குத் தோன்றாத பொருளையும் தராசில் இட்டு நிறுக்கலாம் என்னும் துணிவு அவராற் பிறந்தது.

கலிலியோவின் இறுதிக் காலத்தில் அவருடன் இருந்த தொரிசெல்லி என்பவர், 1644ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கடிதத்திலே புதியதொரு கருத்தை வெளியிட்டார். பூமியைச் சூழ்ந்துள்ள காற்று ஒரு பெருங்கடல் போன்றது. மக்கள் அக்கடலின் அடித்தளத்தில் வாழ்கின்றனர் என்பது அக்கருத்து. ஒருபுறம் மூடிய கண்ணாடிக் குழாயினுள் இரசத்தை நிரப்பி, அதனைக் கவிழ்த்து இரசக் கிண்ணத்தில் நிறுத்தினால், இரசம் முழுவதும் வழிந்து விடாது ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. அதனைத் தாங்கி நிற்பது வெளியிலுள்ள காற்றின் பாரமே என அவர் விளக்கினார். பாரமானி என்னும் கருவி இவ்வாறு பிறந்தது.

காற்று ஒரு கடலாயின், அக்கடலின் அடியிலிருந்து மேலேறிச் செல்லுந்தோறும் தலைமீதுள்ள பாரம் குறைய வேண்டும். இதனைச் சோதிக்க விரும்பிய பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், தம் சகோதரியின் கணவராகிய பெரியே என்பவருக்கு எழுதி, கிளர்மோன் நகருக்கு அண்மையிலுள்ள புய் தெ தோம் என்னும் மலையில் ஏறுமாறு வேண்டினார். 1648ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் நாள் பெரியே, நகரத்துப் பெரியோர் சிலர் உடன்வர, அம்மலையில் ஏறினார். மலையடிவாரத்தில் உள்ள மடத்தின் தோட்டத்தில் ஒரு குழாயை நிறுத்தி, அதனை நாள் முழுவதும் கவனிக்குமாறு துறவி ஒருவரை அமர்த்தினார். மலையுச்சியில் இரசம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலாகத் தாழ்ந்திருந்தது. அடிவாரத்துக் குழாயிலோ யாதொரு மாற்றமும் இல்லை. பெரியே அதனோடு அமையவில்லை. உச்சியில் ஐந்து முறை அளந்தார். கூரையின் கீழும், திறந்த வெளியிலும், காற்று வீசுமிடத்திலும், வெயிலிலும், மழைத்தூறலும் மூடுபனியும் வந்து சூழ்ந்த வேளையிலும் அளந்து பார்த்தார். ஐந்து முறையும் ஒரே அளவுதான் கிட்டியது. மூடுபனி சூழ்ந்தபொழுதும் காற்று பாரங் கூடியதாகக் கருவி காட்டவில்லை. எனினும் அதன் பொருளை ஆராயும் காலம் அன்று வரவில்லை.

காற்றின் பாரம் எவ்வளவு என்பதை இன்று திருத்தமாகக் கூற முடியும். கடல்மட்டத்தில், நீர் உறையும் வெப்பநிலையில், உலர்ந்த காற்று ஒரு கனமீற்றர் 1,293 கிராம் நிறையுடையது. வெப்பநிலை 15 பாகை செல்சியஸ் ஆயின் 1,225 கிராம். 30 பாகை ஆயின் 1,164 கிராம். ஐந்து மீற்றர் நீளமும், நான்கு மீற்றர் அகலமும், மூன்று மீற்றர் உயரமும் உள்ள ஓர் அறையில், 30 பாகை வெப்பத்தில் அடங்கியுள்ள காற்றின் நிறை ஏறத்தாழ 70 கிலோகிராம், அதாவது வளர்ந்த மனிதன் ஒருவனின் பாரம். வெறுமை என்று எண்ணப்படும் அறையிலே ஒரு மனிதனின் பாரம் மிதந்து கொண்டிருக்கிறது.

வெப்பத்தினாற் காற்று விரிந்து இலேசாகிறது என்னும் உண்மையை உலகளாவிய நிகழ்ச்சி ஒன்றோடு தொடர்புபடுத்தியவர், வால்வெள்ளியினாற் பெயர் பெற்ற எட்மண்ட் ஹலி ஆவார். தென் அத்திலாந்திக் கடலிலுள்ள சென்ற் ஹெலினாத் தீவுக்குச் சென்று தங்கிய அவர், கடற்காற்றுகளைக் கவனித்தார்; மாலுமிகளின் குறிப்புகளையும் திரட்டினார். 1686ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, வெப்பவலயக் கடல்களில் வீசும் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் பற்றியது. அக்கட்டுரையோடு காற்றுகள் செல்லும் திசையைக் காட்டும் படம் ஒன்றையும் சேர்த்திருந்தார். ஞாயிற்றின் வெப்பத்தால் நிலத்தின் மீதுள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழ, குளிர்ந்து அடர்ந்த காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது என்பது அவர் தந்த விளக்கம். அதில் ஒரு குறை இருந்தது. பூமி சுழல்வதனாற் காற்றின் திசை திரும்புவதை அவர் கருதவில்லை. 1735இல் ஜோர்ஜ் ஹட்லி என்பவர் அதனை எடுத்துக்காட்டினார். ஆயினும், ஹலி கூறிய அடிப்படை இன்றும் நிலைத்திருக்கிறது. இலங்கையின் வடகரையில் வாழும் மீனவர் சோளகம் என்றும் வாடை என்றும் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாக அறிந்து பாய் விரித்த காற்றுகள், ஆசிய நிலப்பரப்பின் மீதும் இந்து சமுத்திரத்தின் மீதும் உள்ள காற்றின் பாரம் பருவந்தோறும் மாறுவதனாலேயே எழுகின்றன.

வெப்பக் காற்று இலேசானது என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு 1783ஆம் ஆண்டிற் கிட்டியது. பிரான்சு நாட்டின் அனனே என்னும் ஊரில் கடதாசி செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மொங்கொல்பியே சகோதரர், துணியாலும் கடதாசியாலும் பெரியதொரு கூண்டு செய்து, அதன் கீழே நெருப்பு மூட்டி, ஜூன் 4ஆம் நாள் மக்கள் முன்னிலையில் வானிற் பறக்க விட்டனர். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள், பாரிசு நகரில் பிலாத்திர் தெ ரோசியே, ஆர்லாந்துப் பிரபு ஆகிய இருவரும் இத்தகைய கூண்டில் ஏறி ஏறத்தாழ 25 நிமிடம் வானிற் சென்றனர். வியக்கத்தக்கது யாதெனில், கூண்டைச் செய்தவர்களே அது மேலெழும் காரணத்தைப் பிழையாகக் கொண்டிருந்தனர். புகையிலே ஒரு தனிவகை வாயு உண்டு என்றும், அதுவே கூண்டைத் தூக்குகிறது என்றும் எண்ணி, புகை மிகுவதற்காக வைக்கோலோடு கம்பளி மயிரையும் சேர்த்து எரித்தனர். ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர் என்பவர், செந்நிறமாகக் காய்ச்சிய இரும்பைச் சிறு கூண்டொன்றின் வாயிற் செலுத்தினார். புகை சிறிதும் இல்லாமலே கூண்டு எழுந்தது. தூக்கியது புகையன்று, வெப்பமே என்பது தெளிவாயிற்று.

அவ்வெப்பம் காற்றை எவ்வளவு விரிக்கிறது? 1802ஆம் ஆண்டில் கேலூசாக் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனை அளந்து வெளியிட்டார். நீர் உறையும் நிலையிலிருந்து ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் வாயு தன் கனவளவில் ஏறத்தாழ 267இல் ஒரு பங்கு விரிகிறது என்று அவர் கண்டார். இன்று கொள்ளப்படும் அளவு 273இல் ஒரு பங்கு. எல்லா வாயுக்களும் ஒரே விதமாகவே விரிகின்றன என்பது இதிற் சிறப்பு. இக்கணக்கின்படி, 20 பாகையில் 1,204 கிராம் நிறையுள்ள ஒரு கனமீற்றர் காற்று, 100 பாகைக்குச் சூடாக்கப்பட்டால் 946 கிராமே நிறுக்கும். வேறுபாடாகிய 258 கிராமே ஒரு கனமீற்றர் வெப்பக் காற்றுத் தூக்கக்கூடிய பாரம். ஆயிரம் கனமீற்றர் கொண்ட கூண்டு, தன் துணியின் பாரம் உட்பட, ஏறத்தாழ 250 கிலோகிராமைத் தூக்கும்.

வெப்பத்தின் செய்கை இவ்வாறு கண்முன் விளங்கிற்று. ஈரத்தின் செய்கையோ கண்ணுக்குப் புலப்படாதது. உப்பு நீரிற் கரைவது போல நீர் காற்றிற் கரைகிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் அறிஞர் பலர் கருதினர். உப்புக் கரைந்த நீர் பாரங் கூடுவதால், நீர் கரைந்த காற்றும் பாரங் கூடும் என்று எவரும் எண்ணக்கூடும். எனினும் நியூற்றன், ஒளியியல் பற்றிய தமது நூலின் இறுதியிற் பிற்காலத்திற் சேர்த்த வினாக்களுள் ஒன்றில், நீராவியின் துணிக்கைகளிலும் காற்றின் துணிக்கைகள் பருமை கூடியவை என்றும், அதனால் ஈரமான வளிமண்டலம் உலர்ந்ததைவிட இலேசானது என்றும் குறித்திருந்தார். அது ஒரு பேரறிஞரின் ஊகம். அளவையாற் பெற்ற முடிவன்று.

அளவையை முன்னெடுத்தவர், மேலே கூறிய சொசூரே. மனிதனின் தலைமயிர் ஈரத்தில் நீள்வதையும் உலரச் சுருங்குவதையும் பயன்படுத்தி, காற்றின் ஈரப்பதனைக் காட்டும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். 1783ஆம் ஆண்டில் ஈரமானியியல் பற்றிய தமது நூலை வெளியிட்டார். சம அமுக்கத்தில் நீராவி காற்றைவிட இலேசானது என்பதை அவருடைய அளவைகளும் காட்டின. அக்காலத்தில் டி லுக் என்னும் மற்றோர் அறிஞர், மழைக்கு முன் பாரமானியில் இரசம் தாழ்வதற்கு நீராவியின் இலேசான தன்மையே காரணம் என்று கூறியிருந்தார். சொசூர் அதனை மறுத்தார். நீராவி இலேசானதே; ஆயினும், அதனால் ஏற்படும் குறைவு மிகச் சிறிது; பாரமானியின் பெரிய ஏற்றத்தாழ்வுகளுக்கு அது போதாது என்றார். ஓர் உண்மையைக் கண்டபின்னரும், அதன் எல்லையை அளந்து நிறுத்திய நிதானம் இங்கே குறிப்பிடத்தக்கது.

ஈரக் காற்று இலேசாவது ஏன் என்னும் வினாவுக்கு விடை வந்த வழி, வானிலையைக் கவனிப்பதில் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் நாட்குறிப்பினூடாகச் சென்றது. இங்கிலாந்திலே ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்த ஜோன் தாற்றன், 1787ஆம் ஆண்டு தொடங்கி 1844இல் இறக்கும்வரை வெப்பநிலையையும், அமுக்கத்தையும், மழையையும் நாள்தோறும் குறித்து வந்தார். நீராவி காற்றிலே கரைவதில்லை. காற்றினூடே கலந்து நின்று தனக்குரிய அமுக்கத்தைத் தானே செலுத்துகிறது என்பதை அவர் 1801ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். கலவையின் மொத்த அமுக்கம், அதிலுள்ள ஒவ்வொரு வாயுவும் செலுத்தும் அமுக்கங்களின் கூட்டுத்தொகையாகும். இதற்குப் பத்தாண்டுகளின் பின், 1811இல், அவகாதரோ என்னும் இத்தாலியர் மற்றொரு விதியைக் கூறினார். ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்கள் யாவும் சம எண்ணிக்கையான மூலக்கூறுகளைக் கொண்டுள்ளன என்பது அவ்விதி. அவர் வாழ்ந்த காலத்தில் அதனைப் போற்றியோர் சிலரே. 1860ஆம் ஆண்டில், ஜேர்மனியின் காள்சுறூ நகரில் இரசாயன அறிஞர் கூடிய மாநாட்டில் கனிசாரோ என்பவர் அதனை எடுத்து வலியுறுத்திய பின்னரே அது உலகில் நிலைபெற்றது.

இவ்விரு விதிகளும் சேர்ந்தபொழுது புதிர் அவிழ்ந்தது. மூட்டைகள் அடுக்கிய பண்டகசாலை ஒன்றை எண்ணிக் கொள்ளலாம். அதில் இத்தனை மூட்டைகளே இருக்கலாம் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. காற்றின் பெரும்பகுதியாகிய நைதரசன் மூட்டை ஒன்று 28 இறாத்தல். ஒட்சிசன் மூட்டை 32 இறாத்தல். சராசரி ஏறத்தாழ 29 இறாத்தல். நீராவி மூட்டையோ 18 இறாத்தல் மட்டுமே. நீராவி மூட்டை ஒன்றை உள்ளே வைக்க வேண்டுமாயின், 29 இறாத்தல் மூட்டை ஒன்றை வெளியேற்ற வேண்டும். இவ்வாறு மாற்ற மாற்ற, மூட்டைகளின் எண்ணிக்கை குறையாமலே பண்டகசாலையின் பாரம் குறைகிறது. மூடிய போத்தலினுள் நீரை விட்டு ஆவியாக்கினால் பாரம் கூடவே செய்யும். ஏனெனில், அங்கே காற்று விலகிச் செல்ல வழியில்லை. திறந்த வெளியிலோ நீராவிக்கு இடங்கொடுத்துக் காற்று விலகுகிறது.

30 பாகை வெப்பத்தில், ஈரம் முழுமையாக நிறைந்த ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கும். அதற்கு இடமளித்து விலகிய உலர்ந்த காற்றோ 49 கிராம் அளவினது. ஆகவே 1,164 கிராமாக இருக்க வேண்டிய காற்று 1,146 கிராமாகக் குறைகிறது. இது 35 பாகை வெப்பமுள்ள உலர்ந்த காற்றின் நிறைக்குச் சமம். அதாவது, ஈரம் நிறைந்த 30 பாகைக் காற்று, பாரத்தைப் பொறுத்தமட்டில், ஐந்து பாகை கூடிய உலர்ந்த காற்றைப் போலவே நடந்து கொள்கிறது. நீர் உறையும் குளிரிலோ காற்றுக் கொள்ளக்கூடிய நீராவி மிகச் சிறிது. அங்கே குறைவு மூன்று கிராமளவே. ஈரத்தின் செய்கை குளிர்நாட்டைவிட வெப்பநாட்டில் மிகுதி என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின், புழுக்கத்திற் காற்றுப் பாரமாகத் தோன்றுவதேன்? வியர்வை ஆவியாகும்பொழுதே உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பின், வியர்வை ஆவியாவது தடைப்பட்டு, உடலின் வெப்பம் நீங்காது வருத்துகிறது. அவ்வருத்தத்தையே மனிதன் காற்றின் மேல் ஏற்றி, அது பாரமானது என்கிறான். பாரம் காற்றிலில்லை, உடலின் தளர்ச்சியிலேயே உள்ளது. மூடுபனியும் முகிலும் நீராவி அல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவை நுண்ணிய நீர்த்துளிகள். நீராவி கண்ணுக்குத் தோன்றாதது.

இத்துணைச் சிறிய வேறுபாடுகளை அறிவதனாற் பயன் யாது என்று வினவுவோருக்கு, ஆகாய விமானத்தின் வரலாறு விடை கூறும். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள், அமெரிக்காவின் கிற்றி ஹோக் கடற்கரையில் றைற் சகோதரர் முதன்முதலாகப் பறந்த பொழுது, குட்டைகளில் நீர் உறைந்திருந்தது; கடுங்காற்று எதிரே வீசியது; நிலம் கடல்மட்டத்தை ஒட்டியிருந்தது. குளிர்ந்து அடர்ந்த காற்று அவர்களுடைய சிறகுகளைத் தாங்கியது. அடுத்த ஆண்டில் அவர்கள் தம் ஊராகிய டேற்றன் நகருக்கு அண்மையிலுள்ள புல்வெளியிற் பறக்க முயன்றபொழுது, புதிய விமானம் எழ மறுத்தது. எதிர்காற்று மெலிந்திருந்தது ஒரு காரணம். காற்றின் அடர்த்தி குறைந்திருந்தது மற்றொரு காரணம். அவ்விடம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 250 மீற்றர் உயரமுடையது. கோடைப் பகலில் வெப்பநிலை 30 பாகையை எட்டினால், அங்குள்ள காற்று, கடற்கரையின் உறைபனிக் காற்றைவிட எட்டில் ஒரு பங்கு இலேசாகி விடும். மே மாதத்திலிருந்து இடர்ப்பட்ட சகோதரர், உயர்ந்த மரச்சட்டத்திலிருந்து பாரமான எடையை விழச் செய்து, அது கயிற்றினால் விமானத்தை இழுத்து விரைவிக்கும் பொறியொன்றைச் செப்ரெம்பர் 7ஆம் நாள் பயன்படுத்தினர். அம்மாதம் 20ஆம் நாள் வில்பர் றைற் முதன்முறையாக வானில் முழுவட்டம் சுற்றி வந்தார்.

அன்று றைற் சகோதரர் பட்ட இடர், பின்னர் விமானிகள் யாவரும் கற்கும் பாடமாயிற்று. காற்று இலேசாகும்பொழுது சிறகைத் தாங்கும் விசை குறைகிறது. எந்திரத்தினுட் செல்லும் ஒட்சிசனும் குறைகிறது. ஆகவே, விமானம் எழுவதற்கு முன் ஓடவேண்டிய தூரம் நீள்கிறது. எழுந்த பின் ஏறும் வேகமும் தளர்கிறது. ஓடுபாதையின் முடிவில் மரமோ மலையோ இருப்பின், அவ்வேறுபாடு உயிர்களின் வேறுபாடாகும். இதனாலேயே விமானி புறப்படுமுன் வெப்பநிலையையும் அமுக்கத்தையும் கேட்டறிந்து, கணக்கிட்டு, தேவையாயின் பாரத்தைக் குறைக்கிறான். 2017ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பநிலை 48 பாகையை எட்டியபொழுது, சிறியவகை விமானங்களின் பயணங்கள் நாற்பதுக்கு மேல் நிறுத்தப்பட்டன. அவ்விமானங்களுக்கு வகுக்கப்பட்டிருந்த வெப்ப எல்லையை அன்றைய வெயில் கடந்திருந்தது.

பாலைநிலத்து விமான நிலையத்திற் புறப்படாது நின்ற அவ்விமானங்களை நிறுத்தியது, எவருடைய அச்சமும் அன்று; ஒரு கணக்கு. அக்கணக்கின் ஒரு வரி கலிலியோவின் குடுவையிலும், ஒரு வரி பெரியே ஏறிய மலையிலும், ஒரு வரி சொசூரின் தலைமயிர்க் கருவியிலும், ஒரு வரி தாற்றனின் நாட்குறிப்பிலும் எழுதப்பட்டது. உடல் பாரம் என்று சொன்ன காற்றைத் துலாக்கோல் இலேசு என்று சொன்னபொழுது, துலாக்கோலை நம்பத் துணிந்தவர்கள் அவர்கள். மழைக்கு முந்திய மாலையில் மக்கள் இனியும் காற்றுப் பாரமாய்க் கிடக்கிறது என்றே சொல்வர். அது பேச்சு வழக்கு, அதிற் குற்றமில்லை. ஆயின், அதே மாலையில் வானேறப் போகும் விமானி, காற்று இலேசாகிவிட்டது என்பதை அறிந்து தன் பாரத்தைக் குறைத்துக் கொள்கிறான். அவனை நம்பி ஏறியோர் பத்திரமாக மறுகரை சேர்கின்றனர்.